அணிநடை பாண்டும் ஆடற்குழுவும்: அமெரிக்கக் கல்லூரிகளில் ஓர் ஆண்டு

ஆண்டுதோறும் ஜனவரி 26-ஆம் நாள் டில்லிக் கர்த்தவ்ய பாதையில் தேசிய மாணவர் படையின் பாண்டு வாத்தியக் குழு முழங்கிச் செல்வதைக் காண்கிறோம். பிறந்த ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகள் சிலவற்றில், மகனோ மகளோ பள்ளிக்கூடத்து பாண்டில் முரசு கொட்டுவதும் உண்டு. அணி நம்மைக் கடந்து செல்லச் சில நிமிடங்களே ஆகின்றன. அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது, அவ்வுழைப்பு இளைஞர்களை எப்படி உருவாக்குகிறது என்று நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு மிகவும் ஏற்ற இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே கல்லூரி பாண்டு என்பது ஓராண்டு முழுவதும் நீளும் தனியொரு வாழ்க்கை. அவற்றுள்ளும், அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கென ஏற்பட்ட கல்லூரிகளின் பாண்டுகளும், அவற்றோடு இணைந்த ஆடற்குழுக்களும் தனிச் சிறப்புடையவை. அவற்றின் ஓராண்டை இன்று ஒரு முறை சுற்றி வருவோம்.

முதலில் களத்தை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரின் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் ஆட்டத்தில் நடுவே 20 நிமிட இடைவேளை உண்டு. அந்த இடைவேளைதான் பாண்டின் ஆட்சிக்காலம். தொடக்கத்தில் பாண்டுகள் படைவீரர்களைப் போல நேர்வரிசையில் நடந்து வாசிப்பதோடு நின்றன. 1907-ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழக பாண்டு அவ்வரிசையைக் கலைத்து, தன் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்தை ஆட்களாலேயே மைதானத்தில் எழுதிக் காட்டியது. செவிக்கு மட்டுமே விருந்தாயிருந்த பாண்டு அதன்பின் கண்ணுக்கும் விருந்தாயிற்று.

இனி, கறுப்பினக் கல்லூரிகளின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர் வெள்ளையரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்க வழியில்லை. அவர்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் எழுந்தன. 1890-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, மாநிலங்கள் கறுப்பின மாணவர்க்கும் கல்லூரிக் கதவைத் திறந்துவிட வேண்டும், அல்லது அவர்களுக்குத் தனிக் கல்லூரி அமைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதனால் இத்தகைய கல்லூரிகள் மேலும் பெருகின. இவற்றில் பாண்டு வாத்தியம் தொடக்க முதலே இடம்பெற்றது. 'புளூஸ்' இசையின் தந்தை எனப் போற்றப்படும் டபிள்யூ. சி. ஹாண்டி, 1900 முதல் 1902 வரை அலபாமாவில் அத்தகைய கல்லூரி ஒன்றில் பாண்டு ஆசிரியராக இருந்தவர்.

இவ்வரலாற்றில் நாம் மறவாமல் குறிப்பிட வேண்டிய பெயர் வில்லியம் பி. ஃபாஸ்டர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற இவருக்கு வாத்தியக் குழுவை நடத்தும் தலைவராக வேண்டும் என்பது ஆசை. கறுப்பினத்தவருக்கு அத்தகைய வேலை எங்கும் இல்லை என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. வெள்ளையர் குழுக்கள் எவற்றுக்கும் இளைக்காத ஒரு பாண்டைத் தம் மக்களிடையே உருவாக்குவதென்று அவர் உறுதி பூண்டார். 1946-ஆம் ஆண்டில் டாலஹாசி நகரத்து ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் பொறுப்பேற்று, 1998 வரை, அதாவது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, 'மார்ச்சிங் 100' என்னும் பாண்டை வளர்த்தார். பெயரில்தான் நூறு, பிற்காலத்தில் வாத்தியக்காரர் தொகை நானூற்றுக்கு மேற்பட்டது. தொடை தரைக்கு இணையாக உயரும்படி முழங்காலை உயர்த்தி நடக்கும் நடை, வாசித்துக்கொண்டே ஆடும் ஆட்டம், அன்றாடம் மக்கள் கேட்கும் பாட்டுகளை மைதானத்துக்குக் கொண்டுவரும் துணிவு ஆகியவற்றால் இக்குழு புகழ் பெற்றது. 1989 ஜூலை 14-இல் பிரெஞ்சுப் புரட்சியின் 200-ஆம் ஆண்டு நிறைவு விழாப் பேரணி பாரிஸ் நகரில் நடைபெற்றபோது அமெரிக்காவின் சார்பில் அணிவகுத்துச் சென்றது இக்குழுவே. வேலை இல்லை என்று சொல்லப்பட்ட ஒருவர் கட்டிய குழு ஒரு நாட்டின் பெயரால் நடந்து சென்றது என்பதை எண்ணினால், அம்மக்கள் பாண்டை ஏன் இத்துணை உயர்வாகப் போற்றுகிறார்கள் என்பது விளங்கும்.

பாண்டின் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, ஆகஸ்டில் பிறக்கிறது. வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே மாணவர்கள் பயிற்சி முகாமுக்கு வந்துவிடுகிறார்கள். லூயிசியானாவிலும் மிசிசிப்பியிலும் அம்மாதத்து வெயில், புழுக்கத்தோடு கூடிய நம் கடற்கரை ஊர்களின் கோடையை ஒத்தது. விடியற்காலையில் உடற்பயிற்சி, பின்பு நடைப்பயிற்சி, பிற்பகலில் டிரம்பெட் தனி, டிராம்போன் தனி, முரசு தனி என்று பிரிந்து பாடம், மாலையில் அனைவரும் ஒருங்கே கூடி இரவு வரை ஒத்திகை. முதலாண்டு மாணவர்களைப் பல குழுக்களில் 'நண்டுகள்' என்று அழைக்கிறார்கள். நேராக நடக்கத் தெரியாதவர்கள் என்று கேலி செய்ய இதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை!

நேராக நடப்பதென்பது எளிதன்று. மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு வரைந்திருப்பார்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டைச் சரியாக எட்டுக் காலடியில் அடைய வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு காலடியும் 22½ அங்குலம், அதாவது ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் ஆகிறது. நெட்டையருக்கும் குட்டையருக்கும் அளவு ஒன்றே. ஆறடி உயரமுள்ளவன் தன் காலடியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தடிப் பெண் தன் காலடியை நீட்டிக்கொள்ள வேண்டும். எட்டாவது எண்ணிக்கையில் இருநூறு பாதங்களும் கோட்டின்மேல் விழுந்தால்தான், உயரத்தில் அமர்ந்து காண்பவர்க்கு வட்டம் வட்டமாகத் தோன்றும். எழுத்து எழுத்தாகத் தோன்றும்.

இவ்வளவையும் கையை வீசிக்கொண்டு செய்ய முடிந்தால் பாதகமில்லை. 'சூசாபோன்' என்றொரு வாத்தியம் உண்டு. ஜான் பிலிப் சூசா என்னும் அமெரிக்க பாண்டு மேதையின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. மலைப்பாம்பைப் போல உடலைச் சுற்றி வளைந்து, தலைக்கு மேலே பெரும் வாயைத் திறந்து நிற்கும் இப்பித்தளை வாத்தியம் சுமார் 13 முதல் 15 கிலோ எடையுள்ளது. அதைத் தோளில் தாங்கி, முழங்காலை இடுப்பளவு உயர்த்தி நடந்து, மூச்சும் இழைய விடாமல் வாசிக்க வேண்டும். பாடமும் பெரும்பாலும் மனப்பாடமே. கண்ணுக்கு முன்னே தாளை வைத்துக்கொள்ள இங்கே இடமில்லை.

பாண்டுக்கு முன்னே ஆடிச் செல்லும் பெண்களின் குழுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முன்னாளில் இவர்கள் கோலைச் சுழற்றி வீசிப் பிடித்து வித்தை காட்டும் 'மேஜரெட்' மகளிராக இருந்தார்கள். 1960-களின் இறுதியில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. மிசிசிப்பியின் ஆல்கார்ன் கல்லூரியில் 1968-ஆம் ஆண்டில் 'கோல்டன் கேர்ல்ஸ்' என்னும் குழு, பாண்டின் இசைக்கு ஏற்ப ஆடத் தொடங்கியது. மறு ஆண்டு லூயிசியானாவின் சதர்ன் பல்கலைக்கழகத்தில் பாண்டுத் தலைவர் ஐசக் கிரெக்ஸ் காலத்தில் 'டான்சிங் டால்ஸ்' தோன்றியது. அதையொட்டி ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் தங்கள் கோல்களைக் கீழே வைத்துவிட்டு ஆடலையே முதன்மையாகக் கொண்டார்கள். 'ஜே-செட்ஸ்' என்று இன்று நாடறிந்த குழு அவர்களுடையது.

இவ்வாடலின் நுட்பம் ஒன்றைக் கவனியுங்கள். மைதானத்தில் ஆடுவது முன்கூட்டியே அமைத்துப் பயின்ற ஆடல். ஆனால் பார்வையாளர் மேடையில், பாண்டு ஒரு பாட்டை எடுத்தவுடன், அதற்குரிய ஆடலைத் தேர்ந்தெடுப்பவர் குழுத்தலைவி ஒருத்தியே. வாயால் ஏதும் சொல்வதில்லை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் அசைவை அவள் தொடங்குகிறாள். அடுத்த வரிசை அதைக் கண்டு பற்றிக்கொள்கிறது; அதற்கடுத்த வரிசை அவ்வரிசையைக் கண்டு பற்றிக்கொள்கிறது. நம் கச்சேரி மேடையில் பாடகர் எடுத்த பாட்டின் போக்கை மிருதங்கக்காரர் முன்னறிவிப்பின்றிப் பிடித்துக்கொள்வதில்லையா? அத்தகைய விழிப்பு இது. இத்தகைய அசைவுகள் பலவற்றைக் கற்றுத் தயாராக வைத்திருந்தால்தான் இது கைகூடும். குழுவில் இடமோ மிகச் சில. எனவே ஒவ்வொரு வசந்த காலத்திலும் நடைபெறும் தேர்வில் போட்டி கடுமையாக இருக்கும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆட்டப் பருவம். இப்பருவத்தில் வாரமே ஒரு சக்கரம் போலச் சுழல்கிறது. வானொலியிலும் பிறவற்றிலும் மக்கள் புதிதாகக் கேட்டு மகிழும் பாட்டைப் பாண்டின் இசையமைப்பாளர் காதால் கேட்டே பிரித்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் பகுதியாக எழுதித் தருகிறார். சில நாட்களுக்குள் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து, அதற்குரிய நடையையும் ஆடலையும் கற்று, சனிக்கிழமை மைதானத்தில் வாசிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு இடைவேளையில் கிடைப்பது பத்து நிமிடத்துக்கு உட்பட்ட நேரமே. அது முடிந்தால் அடுத்த வாரத்துக்கு வேறொரு பாட்டு, வேறொரு கோலம்.

அக்டோபர் மாதத்தையொட்டிப் பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் 'ஹோம்கமிங்' விழா நடைபெறுகிறது. நம் ஊர்த் திருவிழாவுக்கு வெளியூரில் பிழைப்பவரெல்லாம் வந்து கூடுவதைப் போன்றது அது. தொலைவில் வாழும் நமக்கு அதன் சுவையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. தந்தை ஊதிய வாத்தியத்தை மகன் ஊதுவதையும், தாய் ஆடிய குழுவில் மகள் ஆடுவதையும் அங்கே காணலாம்.

பருவத்தின் சிகரம் நவம்பர் இறுதியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடைபெறும் 'பேயூ கிளாசிக்'. 1974-ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயத்தில் கிராம்ப்ளிங், சதர்ன் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் மோதுகின்றன. ஆட்டத்துக்கு முன்னாள் இரவு இரு பாண்டுகளும் எதிரெதிரே நின்று போட்டியிடும். ஆட்டம் நான்கு பகுதிகளைக் கொண்டது. ஆனால் இக்கல்லூரிகளின் ரசிகர்கள் 'ஐந்தாம் பகுதி' என்று ஒன்றைச் சொல்வார்கள். வெற்றி தோல்வி முடிவான பின்பும் கூட்டம் கலைவதில்லை. இரு பாண்டுகளும் தத்தம் இருக்கையிலிருந்தே மாறிமாறி முழங்கும். ஆட்டத்தில் தோற்ற கல்லூரி ஐந்தாம் பகுதியில் வென்றுவிட்டுத் தலைநிமிர்ந்து வீடு திரும்புவதும் உண்டு.

டிசம்பரில் மாணவர்கள் தேர்வெழுதுகிறார்கள். பாண்டில் இருப்பவரில் பெரும்பாலோர் இசையைப் பாடமாக எடுத்தவர் அல்லர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பொறியியல், உயிரியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி என்று வெவ்வேறு துறையினர் அவர்கள். பாண்டில் வாசிப்பதற்காக அளிக்கப்படும் உதவித்தொகையால்தான் சிலர் கல்லூரிக் கட்டணத்தைச் சமாளிக்கிறார்கள். ஆகவே, இவர்களுக்கு ஒத்திகை வெறும் பொழுதுபோக்கன்று, படிப்புக்கே ஆதாரம்.

ஜனவரி, பிப்ரவரியில் கூடைப்பந்து ஆட்டங்களில் சிறு குழுக்கள் வாசிக்கின்றன. நியூ ஆர்லியன்ஸ் நகரின் 'மார்டி கிரா' திருவிழா ஊர்வலங்களில் பாண்டுகள் பல மைல் தூரம் நடந்து வாசிக்கின்றன. பின்பு அணிநடை ஓய்ந்து, அதே மாணவர்கள் நாற்காலியில் அமர்ந்து அரங்க இசை வாசிக்கும் பருவம் வருகிறது. வசந்தத்தில் புதியவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மே மாதத்தில் மூத்தவர்கள் பட்டம் பெற்று விடைபெறுகிறார்கள். ஆகஸ்டில் மீண்டும் 'நண்டுகள்' வந்து சேர்கின்றன.

இக்குழுக்களின் புகழ் கல்லூரி மதிலுக்குள் அடங்கவில்லை. 1967 ஜனவரியில் நடந்த முதல் 'சூப்பர் பவுல்' பந்தயத்தின் இடைவேளையில் கிராம்ப்ளிங் பாண்டு வாசித்தது. 2018-இல் பாடகி பியான்சே கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில் தம் நிகழ்ச்சி முழுவதையும் இக்கல்லூரி பாண்டுகளின் பாணியில் அமைத்தார். 2023 பிப்ரவரியில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழக பாண்டு, தான் வெளியிட்ட பக்தி இசைத் தொகுப்புக்காகக் கிராமி விருது பெற்றது. கல்லூரி அணிநடை பாண்டு ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

நேயர்களே, இதுவரை வெளிச்சத்தைக் கண்டோம். நிழலைச் சொல்லாமல் விட்டால் நாம் முழு உண்மையைச் சொன்னவராக மாட்டோம். நூற்றுக்கணக்கானோரை ஒரே காலடியில் நடக்கச் செய்யும் கட்டுப்பாடு, கவனிப்பாரின்றிப் போனால் கொடுமையாக மாறிவிடும். புதியவர்கள் அடியும் உதையும் தாங்கினால்தான் குழுவில் மதிப்பு என்னும் ஒரு தீய வழக்கம் பல குழுக்களில் இரகசியமாக வேரூன்றியிருந்தது. 2011 நவம்பரில், ஃபாஸ்டர் வளர்த்த அதே 'மார்ச்சிங் 100' குழுவின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான 26 வயது இளைஞர், ஆர்லாண்டோ நகரில் ஆட்டம் முடிந்த இரவு, குழுவின் பேருந்துக்குள்ளே தம் தோழர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தார்.

அதன் விளைவுகள் கடுமையாயிருந்தன. குழு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்காலம் முடக்கப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். தாக்கியவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டு, அவருள் ஒருவருக்கு 2015 ஜனவரியில் ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குழுப் பட்டியலில் இருந்தவருள் ஏறத்தாழ நூறு பேர் அப்போது அக்கல்லூரி மாணவர்களே அல்லர் என்பதும் வெளிப்பட்டது. 2013-இல் குழு திரும்பி வந்தபோது, முழுநேர மாணவர் மட்டுமே சேரலாம் என்பது உள்ளிட்ட புதிய விதிகளோடும், முன்னிலும் சிறிய அளவிலும் வந்தது. கல்லூரிகளில் நிகழும் இத்தகைய வன்கொடுமைகளை வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறியது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1996-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனால் கொல்லப்பட்ட கொடுமையையும், அதன் விளைவாக 1997-இல் தமிழ்நாட்டு அரசு 'ராகிங்' தடைச் சட்டம் இயற்றியதையும் நம்மில் பலர் அறிவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுவதுக்குமாக வகுத்த விதிகளின்படி, ராகிங்கில் ஈடுபடமாட்டேன் என்று மாணவரும், அவ்வாறே பெற்றோரும் உறுதிமொழி அளிக்க வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் பெற்றோர் அத்தாளில் கையெழுத்திடுவதோடு நின்றுவிடலாகாது. பிள்ளை பாண்டிலோ ஆடற்குழுவிலோ விளையாட்டு அணியிலோ சேர்ந்தால், ஒத்திகை எத்தனை மணி வரை நடக்கிறது, இரவுப் பயணத்தில் பொறுப்பான ஆசிரியர் உடன் இருக்கிறாரா, தேர்வு நாட்களில் விடுப்பு உண்டா என்பனவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். சேர விடாமல் தடுப்பது வழியன்று. சேர்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதும் வழியன்று.

இருநூறு பேரை ஒரே நேரத்தில் ஒரே கோட்டின்மேல் கொண்டு வந்து நிறுத்துவது அச்சமன்று. ஐந்து கஜத்துக்கு எட்டுக் காலடி என்னும் எண்ணிக்கை. அதை அடித்துக் கற்பிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் பக்கத்தில் நின்று, பொறுமையோடு திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாலே போதும். ஃபாஸ்டர் ஐம்பது ஆண்டுகளாகத் தேடிய பெருமையும், அமெரிக்கத் தென்மாநிலத்துத் தாய் தந்தையர் ஒவ்வோர் ஆகஸ்டிலும் தம் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் நம்பிக்கையும் அந்த எண்ணிக்கையின்மேல்தான் நிற்கின்றன. அடுத்த ஜனவரியில் டில்லியில் மாணவர் படையின் பாண்டு நம்மைக் கடந்து செல்லும்போது, அவர்கள் வாசிக்கும் பாட்டைக் கேட்பதோடு அவர்கள் கால்களையும் சற்றே கவனிப்போம்.